பழைய ரேமுடன் புதியதைச் சேர்ப்பதா, ஜோடியாகவே மாற்றுவதா?

மேசைக்கணினியில் ரேம் போதவில்லை என்று முடிவாகிவிட்டால், அதைக் கூட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. இருக்கும் மாட்யூலை (ரேம் பட்டையை) அப்படியே விட்டு, வேறு நிறுவனத்தின் மாட்யூல் ஒன்றை அதனுடன் சேர்ப்பது முதல் வழி. அதே நிறுவனத்தின் அதே மாடல் எண்ணைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது இரண்டாவது. பழையதைக் கழற்றிவிட்டு, ஒரே பெட்டியில் இரண்டாக விற்கப்படும் ஜோடியைப் பொருத்துவது மூன்றாவது. டிடிஆர்4 தலைமுறை ரேம் கொண்ட கணினி வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு முதல் வழியே போதும் என்பதும், அதற்கடுத்த தலைமுறையான டிடிஆர்5 கணினிக்கு மூன்றாவது வழிதான் ஏற்றது என்பதும் என் கருத்து. மிகவும் நம்பகமானதாகத் தோன்றும் இரண்டாவது வழி, உண்மையில் தரும் உறுதி குறைவு.

எந்த வழியானாலும் சேரவே சேராதவை சில உண்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள் இருந்தாலும் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால், ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1 என மின்னழுத்தமும் வேறுபடுகிறது. சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் ரெஜிஸ்டர்டு வகை ரேமும் சாதாரண ரேமும் ஒரே போர்டில் சேர்ந்து இயங்குவதில்லை.

ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரு வேறு மாட்யூல்கள் சந்திக்கும்போது நடப்பது இதுதான். ஒவ்வொரு மாட்யூலிலும் அதன் அளவு, வேகம், தாமத மதிப்புகள் பதிந்த எஸ்பிடி என்ற சிறு சிப் இருக்கிறது. கணினி உயிர்பெறும்போது போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் அவற்றைப் படித்து, எல்லா மாட்யூல்களாலும் தாங்கக்கூடிய பொது வேகத்தையும், அவற்றுள் மிகத் தளர்வான தாமதத்தையும் தேர்ந்தெடுக்கிறது. 3200 வேக (நொடிக்கு 3200 மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) மாட்யூலுடன் 2666 வேக மாட்யூல் சேர்ந்தால் இரண்டும் 2666இல் இயங்கும். ரேமுக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகளின்படி 3200க்கு சிஎல்22, 2666க்கு சிஎல்19 (சிஎல் என்பது தாமதத்தைக் கடிகாரத் துடிப்புகளில் சொல்லும் எண்) என்று கொண்டால், தாமதம் முறையே 13.75, 14.25 நானோ நொடிகள். அதாவது ஏறத்தாழ ஒன்றே. குறைவது தரவுப் பாய்வு மட்டும்தான்: ஒரு சேனலுக்கு (ரேமையும் ப்ராசஸரையும் இணைக்கும் பாதைக்கு) நொடிக்கு 25.6 ஜிபியாக இருந்தது 21.3 ஜிபியாகிறது. 8 ஜிபி நிரம்பி வழிந்து, கணினி நொடிக்கொருமுறை டிஸ்க்கை நாடிக்கொண்டிருக்கும் நிலையோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. வேகத்துக்குப் பயந்து கொள்ளளவைக் கூட்டாமல் இருப்பவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அளவு வேறுபட்டால் டூயல் சேனல், அதாவது இரண்டு சேனல்கள் ஒருங்கே இயங்குவது, முழுவதுமாகப் போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது, அது சரியன்று. ஒரு சேனலில் 8 ஜிபியும் மற்றதில் 16 ஜிபியும் இருந்தால், இரண்டிலிருந்தும் எட்டெட்டு ஜிபி சேர்ந்து முதல் 16 ஜிபி டூயல் சேனலாகவும், எஞ்சிய 8 ஜிபி ஒற்றைச் சேனலாகவும் இயங்கும். இன்டெல் இதை ஃபிளெக்ஸ் மோடு என்கிறது. கணக்கில் வருவது ஒவ்வொரு சேனலிலும் உள்ள மொத்த அளவே என்பதால், ஒரு சேனலில் இரண்டு 8 ஜிபியும் எதிர்ச்சேனலில் ஒரு 16 ஜிபியும் இருந்தால்கூடச் சமநிலை கிடைக்கிறது. ஒரே ஒரு மாட்யூலுடன் ஓடும் கணினிக்கு, குறிப்பாகத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேமையே பகிர்ந்துகொள்ளும் கணினிக்கு, அளவு பொருந்தாத இரண்டாவது மாட்யூல்கூடப் பெரிய முன்னேற்றம்தான். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் இரண்டு மாட்யூல்களைப் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும். போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

கலப்பில் சிக்கல் தொடங்கும் இடம், தர வேகத்துக்கு மேல் ரேமை ஓட்டத் தயாரிப்பாளர் மாட்யூலில் பதிந்துவைக்கும் எக்ஸ்எம்பி ப்ரொஃபைல். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 3200 சிஎல்16, 3600 சிஎல்18 போன்ற அளவுகள் பெரும்பாலும் ஜெடெக் தர அளவுகள் அல்ல. அந்த ஜோடியை மட்டும் 1.35 வோல்ட்டில் சோதித்துப் பதிந்துவைத்த ஓவர்கிளாக் வேகங்கள். அருகில் அந்நிய மாட்யூல் ஒன்று வந்து அமரும்போது அந்தச் சோதனையின் உறுதி செல்லாது. ஒன்றின் ப்ரொஃபைலை பயாஸ் இரண்டுக்கும் திணித்தால் கணினி எழாமல் போகலாம். எழுந்து, வேலையின் நடுவே விழுவது அதைவிடத் தொல்லை. ப்ரொஃபைலை அணைத்தாலோ, இத்தகைய டிடிஆர்4 மாட்யூல்கள் பல 2133க்கு இறங்கிவிடும். 3200இல் டூயல் சேனலில் 51.2 ஜிபியாக இருந்த பாய்வு 34.1 ஆகும். இடைவழி ஒன்று உண்டு. இரண்டின் மதிப்புகளிலும் தளர்வானவற்றைக் கையால் பயாஸில் இட்டு, வேகத்தைப் படிப்படியாக ஏற்றலாம். 3200 சிஎல்16 ஒன்றும் 3600 சிஎல்18 ஒன்றும் இருந்தால், 3200 சிஎல்18 என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். இதற்குப் பொறுமை இல்லாதவர் ஜோடி வாங்குவதே மேல்.

இனி, அதே மாடல் எண். கடையில் விற்கும் ரேம்களின் மேலுள்ள பெயர் எதுவாயினும், உள்ளிருக்கும் டிராம் (நினைவக) சிப்கள் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றிலிருந்தே வருகின்றன. மாட்யூல் தயாரிப்பாளர், மாடல் எண்ணை மாற்றாமலே காலப்போக்கில் சிப்பை மாற்றிவிடக்கூடும். முன்பு எட்டு கிகாபிட் சிப்கள் பதினாறை வைத்து இரட்டை ரேங்க்காக, அதாவது ஒருசேர அணுகப்படும் சிப் தொகுதிகள் இரண்டாகச் செய்த 16 ஜிபி மாட்யூல், பின்னர் பதினாறு கிகாபிட் சிப்கள் எட்டை வைத்து ஒற்றை ரேங்க்காக வெளிவரலாம். பெயரும் வேகமும் ஒன்றாக இருந்தாலும் ப்ராசஸரில் ரேமைக் கையாளும் மெமரி கண்ட்ரோலருக்கு அவை இரு வேறு பொருள்கள். ஒரே மாடலின் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் போட்டால் ப்ரொஃபைல் வேகத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே மாடல் எண்ணை நம்புவதைவிட, ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8 என்றிருக்கும் ரேங்க் குறிப்பையும், சிபியு-இசட் மென்பொருள் காட்டும் சிப் தயாரிப்பாளர் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

டிடிஆர்5இல் கணக்கு மாறுகிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு அந்நிறுவனம் அறிவித்துள்ள வேகம் இரண்டு மாட்யூல்களுக்கு 5200. நான்கு மாட்யூல்களுக்கு 3600 மட்டுமே. எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் எக்ஸ்போ ப்ரொஃபைலில் 6000இல் ஓடும், இரண்டு 16 ஜிபி மாட்யூல்கள் கொண்ட ஜோடி ஒன்றுடன் இன்னொரு ஜோடியைச் சேர்த்து அந்த அறிவித்த அளவுக்கு இறங்க நேர்ந்தால், 96 ஜிபி பாய்வு 57.6 ஆகக் குறைகிறது. அதே 64 ஜிபியை இரண்டு 32 ஜிபி மாட்யூல்களாகப் பொருத்தினால் இந்தச் சுமை கண்ட்ரோலர்மேல் ஏறாது. எனவே டிடிஆர்5இல், ஒரே மாதிரியான இரண்டு ஜோடிகளைக்கூடச் சேர்க்காமல், பழையதை விற்றுவிட்டுப் பெரிய ஜோடி ஒன்றுக்கு மாறுவதையே பரிந்துரைப்பேன். பல மெய்நிகர் கணினிகளை ஒருசேர ஓட்டுவோரைப் போல வேகத்தைவிடக் கொள்ளளவே முக்கியம் என்பவர்களுக்கு மட்டும் நான்கு மாட்யூல்கள் பொருந்தும். மாற்றிய பின் முதன்முறை இயக்கும்போது, புதிய ரேமுக்கு ஏற்ற அமைப்புகளைக் கணினி தானே சோதித்துத் தேரும் மெமரி டிரெய்னிங் முடியும்வரை திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம். அதைப் பழுதென்று எண்ணி மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் கலப்பு வெற்றி என்று கொள்ளக் கூடாது. ரேமில் எழும் பிழை எந்த அறிவிப்பும் இன்றிக் கோப்புகளைச் சிதைக்கக்கூடியது. சேமித்த புகைப்படம் கெட்டுப்போனது பல மாதங்கள் கழித்தே தெரியவரும். பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை யூஎஸ்பியிலிருந்து இயக்கி, ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி சோதியுங்கள். ஜெடெக் வேகத்திலும் பிழை தொடர்ந்தால் ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியே சோதியுங்கள். தனியாகவும் பிழை காட்டுவது பழுதான மாட்யூல். தனித்தனியே தேறிச் சேர்ந்திருக்கும்போது மட்டும் தவறினால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள்.