இருபது வருடமாக ஃப்ரீசெல்: ஒரு அனுபவப் பகிர்வு

2004ல் வேலைக்குச் சேர்ந்தபோது, அலுவலகக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில்தான் ஃப்ரீசெல் என்ற, ஒருவரே ஆடும் கணினிச் சீட்டாட்டத்தைப் பழகினேன். இன்று போனில் ஆடுகிறேன். இடையில் விட்டது ஒன்றிரண்டு வருடம் இருக்கலாம்.

சாதாரண சாலிட்டேரில் பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும். தோற்றால் சீட்டு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் 52 சீட்டும் எட்டு வரிசையில் முகம் காட்டிக்கொண்டிருக்கும். முதல் நான்கு வரிசையில் ஏழேழு, மற்றதில் ஆறாறு. கருப்பு ஒன்பதின் மேல் சிவப்பு எட்டு என்று நிறம் மாற்றி இறக்கி அடுக்க வேண்டும். தற்காலிகமாக ஒவ்வொரு சீட்டு வைத்துக்கொள்ள நான்கு காலி அறைகள் உண்டு. ஆஸிலிருந்து ராஜா வரை நான்கு இனத்தையும் மேலே ஏற்றிவிட்டால் ஜெயம்.

முதல் ஆறு மாதம் நான் செய்த தப்பு, அந்த நான்கு அறைகளையும் நிரப்பியதுதான். ஒரு ராணி வழியை மறைத்தால் தூக்கி அறையில் போடுவேன். பத்தாவது நகர்த்தலில் நான்கும் அடைத்துவிடும். நகர்த்த ஒரே ஒரு வழி மட்டும் மிச்சமிருந்தால் அந்தப் பழைய பதிப்பில் ஜன்னலின் தலைப்புப் பட்டை மினுங்கும். அதைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

ஆட்டம் எனக்குத் திறந்தது ஒரு சின்னக் கணக்கில். அடுக்கிய சீட்டுகளைச் சேர்ந்தாற்போல் எத்தனை நகர்த்தலாம்? காலி அறைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்ட வேண்டும். ஒவ்வொரு காலி வரிசைக்கும் அதை இரண்டால் பெருக்க வேண்டும். இரண்டு அறை காலி என்றால் மூன்று சீட்டு. கூடவே ஒரு வரிசையும் காலியானால் ஆறு, இரண்டு வரிசை என்றால் பன்னிரண்டு! (காலி வரிசைக்கே கொண்டுபோவதானால் அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.) இது புரிந்த நாளிலிருந்து அறையைக் காப்பாற்றுவதைவிட ஒரு வரிசையைக் காலி செய்வதில்தான் என் கண். அது காலியானதும் அவசரப்பட்டு ராஜாவை இறக்குவதும் இல்லை.

இன்னொரு பழக்கமும் வந்தது. மவுஸைத் தொடும் முன் நான்கு ஆஸும் நான்கு இரண்டும் எங்கே புதைந்திருக்கின்றன என்று தேடுவேன். ஹார்ட்டின் ஆஸ் அடியிலேயே கிடந்தால் அந்த வரிசையில்தான் வேலை தொடங்கும். ஒரு நிமிடம் வெறும் பார்வை. அந்த ஒரு நிமிடம்தான் என்னைத் தோல்வியிலிருந்து அதிகம் காப்பாற்றியது.

ஒருமுறை உடன் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "தம்பி, 11982 போட்டுப் பாரு" என்றார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண் உண்டு; எஃப்3 அழுத்தி அந்த எண்ணைக் கொடுத்தேன். மூன்று நாள் மல்லுக்கட்டினேன். பிறகுதான் சொன்னார், அது தீர்க்கவே முடியாத ஆட்டம் என்று. விண்டோஸின் பழைய பதிப்பில் இருந்த 32,000 ஆட்டங்களை டேவ் ரிங் என்பவர் 1994ல் இணையத்தில் தன்னார்வலர்களுக்குத் தீர்க்கச் சொல்லிப் பங்கிட்டுக் கொடுக்க, தீராமல் எஞ்சி நின்றது இது ஒன்றுதான். எக்ஸ்பியின் பத்து லட்சம் ஆட்டங்களிலும் தீராதவை இதையும் சேர்த்து எட்டே எட்டு. அதைக் கேட்டபோது ஏமாற்றத்தைவிட மலைப்புதான் அதிகம். அப்படியானால் நான் தோற்றவை அத்தனையிலும் ஏதோ ஒரு வழி இருந்திருக்கிறது!

அதன் பிறகு தோற்ற ஆட்டத்தை விட்டுப் போனதில்லை. எண்ணைக் குறித்து வைத்து மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். 1978ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் இதை எழுதிய பால் ஆல்ஃபில் மீது எனக்குத் தனி மரியாதை. அதற்கு முன்பிருந்த பேக்கர்ஸ் கேமில் ஒரே இனத்தில்தான் அடுக்க முடியும், பெரும் சிடுக்கு. நிறம் மாற்றி அடுக்கலாம் என்று அவர் விதியைத் தளர்த்தியதால்தான் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் தீர்வதாக ஆனது.

போன் செயலிகளில் குறிப்பு காட்டும் வசதி இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதை அணைத்துவிடுங்கள். எத்தனை நகர்த்தலையும் திரும்பப் பெறும் வசதியை வைத்துக்கொள்ளலாம். எங்கே வழி தப்பினோம் என்று பின்னால் போய்ப் பார்க்க அது உதவும்.

இந்த வாரம் 617ஆம் எண் ஆட்டத்தில் நிற்கிறேன். நாலு தடவை போயாயிற்று. இன்றிரவு வேறு வரிசையிலிருந்து தொடங்கப் போகிறேன்.