மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கப் போறீங்களா? 1,190 பவுண்ட் தொலைச்சவ சொல்றேன், கேட்டுட்டுப் போங்க

வண்டி பிடிச்சுக் கொடுத்த ஆப்காரங்ககிட்டேருந்து இப்பதான் கடைசி மெயில் வந்தது. விசாரணை முடிஞ்சுதாம், காசு திரும்ப வராதாம். வயித்தெரிச்சலோடயே எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. வாடகை 840 பவுண்ட், டெபாசிட்ல பிடிச்சுக்கிட்டது 350. ஆக மொத்தம் 1,190 பவுண்ட். ஊர்க் கணக்குல ஒரு லட்சத்துக்கு மேல. இங்கிலாந்துல இருக்கிற நம்மாளுங்க லீவு விட்டா மோட்டார்ஹோம், அதாவது அடுப்பு கட்டில் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, எடுத்துக்கிட்டு வடக்கே கிளம்புறது இப்போ சகஜமாயிடுச்சு. எடுக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

மதுரையிலேருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க. வடக்கே ஏரியும் மலையுமா இருக்கிற லேக் டிஸ்ட்ரிக்ட் காட்டணும்னு ஆசை. ஹோட்டல்ல ரெண்டு ரூம் போட்டா கட்டுப்படியாகாது, அம்மாவுக்கு வெளிச்சாப்பாடும் ஒத்துக்காது. அதனால சொந்த வண்டியை வாடகைக்கு விடுறவங்களையும் எடுக்கிறவங்களையும் சேர்த்து வைக்கிற ஒரு ஆப்ல தேடி, நாலு ராத்திரிக்கு ஒரு பழைய வண்டியைப் பிடிச்சோம். அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் மூணும் கேஸ்ல ஓடுற வண்டி. எல்லாமே அஞ்சு ஸ்டார் ரிவ்யூ.

ஓனர் அறுபது வயசுக்காரர். பசங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார், வாசல்ல ஒரு பழுப்பு நாய் படுத்து வாலாட்டிட்டு இருந்தது. அப்பாவுக்கு ஆளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அரைமணி நேரம் தண்ணி எப்படி ரொப்பணும், கட்டிலை எப்படி விரிக்கணும்னு பொறுமையா சொல்லிக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ்கிட்ட வந்ததும், "வண்டி ஓடும்போது பேட்டரியில சரியா குளிராது, கேஸ்லயே விட்டுடுங்க, நான் பத்து வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்"னார். ஓடுற வண்டியில கேஸ் எரியலாமான்னு என் வீட்டுக்காரர் கேட்டார். "கிராஷ் சென்சார் இருக்கு, எங்கயாவது இடிச்சா தானா கேஸ் நின்னுடும்"னு சொல்லி, சிலிண்டர் இருக்கிற லாக்கர் கதவை உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டினார்.

தட்டினார். திறந்து காட்டலை. நாங்களும் திறங்கன்னு கேக்கலை. அந்த ரெண்டு தட்டுக்குத்தான் 1,190 பவுண்ட்.

எம்6 நெடுஞ்சாலையில லங்காஸ்டர் ஊரைத் தாண்டி டீசல் போட ஒரு பங்க்ல நிறுத்தினோம். என்ஜினை அணைச்சாச்சு, யாரும் போன் எடுக்கலை, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சோம். டீசல் மூடியிலேருந்து நாலு எட்டுல, வண்டியோட பக்கவாட்டு கிரில்லுக்குப் பின்னாடி ஃப்ரிட்ஜோட நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தது எங்க யாருக்குமே உறைக்கலை. நமக்கு டீசல்தானேன்னா, பக்கத்து பம்புல ஒரு பொண்ணு காருக்கு பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்தா. பெட்ரோல் ஆவி தரையோட தவழ்ந்து வரும், அதுக்கு ஒரு சின்ன நீலச்சுடர் போதும். எங்களுக்குப் பின்னாடி தன்னோட மோட்டார்ஹோமோட நின்ன ஒரு பெரியவர் இறங்கி வந்து அந்த கிரில் மேல கையை வெச்சுப் பார்த்தார். சூடு. "ஃப்ரிட்ஜ் கேஸ்லயா ஓடுது? மொதல்ல அணைங்க"ன்னு அவர் போட்ட சத்தத்துல பசங்க பயந்துட்டாங்க.

லாக்கரைத் திறந்து சிலிண்டர் வால்வை மூடினார் வீட்டுக்காரர். அப்பதான் அம்மா, "ஏண்டி, வாடை வருதுடி. மாப்பிள்ளையை வண்டியை நகத்தச் சொல்லு"ன்னாங்க. டீசல் போடாமலே வண்டியை லாரிங்க நிக்கிற இடத்தைத் தாண்டி ஓரமா கொண்டுபோனோம்.

பெரியவரும் பின்னாடியே வந்தார். டார்ச் அடிச்சுக் காட்டினார். கிராஷ் சென்சார்னா பெரும்பாலும் லாக்கர் சுவர்ல திருகிப் பொருத்தின ரெகுலேட்டரா இருக்குமாம். இதுல சிலிண்டர் தலையில சாதாரண ரெகுலேட்டர் ஒண்ணு உக்காந்திருந்தது, அவ்வளவுதான். ரப்பர் ட்யூப்ல தயாரிச்ச வருஷம் 2011-னு அச்சடிச்சிருந்தது, மடங்குற இடத்துல கரிசக்காட்டு வெடிப்பு மாதிரி கோடு கோடா. இதையெல்லாம் விட மோசம் லாக்கர் தரை. புரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், கசிஞ்சா கீழதான் இறங்கும். அது வெளிய போகத்தான் தரையில ஓட்டை வெச்சிருக்காங்க. இந்த மனுஷன் அந்த ஓட்டையை டேப் போட்டு அடைச்சு, மேல கார்ப்பெட் துண்டு விரிச்சு வெச்சிருக்கார். குளிருதாம்!

அம்மா பாத்திரம் கழுவுற லிக்விடைத் தண்ணியில கரைச்சு, ட்யூப் சேருற இடத்துல விரலால தடவினாங்க. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, ஃப்ரிட்ஜ் குமிழையும் அணைச்சுட்டு, வால்வை ஒரு நொடி திறந்தோம். பொட்டு பொட்டா நுரை கிளம்பி, பெருசாகி, உடைஞ்சு, மறுபடி கிளம்புச்சு. நாப்பது வருஷமா சிலிண்டரோட குடித்தனம் பண்றவங்க. ஊர்ல அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் ட்யூப் மாத்தச் சொல்லி ஏஜென்சியிலேருந்து வந்து நச்சரிப்பாங்க, அம்மா திட்டிக்கிட்டே மாத்துவாங்க. 2023 ஆகஸ்ட்ல மதுரை ஸ்டேஷன் யார்டுல, லக்னோவுலேருந்து வந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடிச்சு ஒன்பது பேர் செத்தாங்களே, அதுவும் உள்ள திருட்டுத்தனமா வெச்சிருந்த சிலிண்டரால வந்ததுதான். எங்க வீடும் அதே மதுரையில, ஆரப்பாளையத்துல. அன்னிலேருந்து கேஸ் வாடைன்னா அம்மாவுக்குக் கை காலெல்லாம் நடுங்கும். அதுக்கப்புறம் அந்த வண்டியில ராத்திரி படுக்க மாட்டேன்னுட்டாங்க.

ஓனருக்கு போன் போட்டேன். "சிலிண்டர்னா கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும், உங்களுக்குக் கேஸ் பழக்கமில்லை போல." சிரிக்கிறதா அழறதா? மாத்து வண்டி கிடையாது. கேஸை மூடிட்டா ஹீட்டர் இல்லை, அடுப்பு இல்லை, ஏப்ரல் குளிர்ல ரெண்டு வயசானவங்க, ரெண்டு குழந்தைங்க. வால்வை இறுக்கி மூடி, ரெகுலேட்டரைக் கழட்டி வெச்சுட்டு அன்னிக்கே திரும்பினோம். அம்மா ரெண்டு டப்பா நிறைய அரைச்சுக் கொண்டுவந்த இட்லி மாவு வீடு வர்றதுக்குள்ள பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிஞ்சுடுச்சு.

இனிமேதான் கூத்து. ஆப்ல புகார் கொடுத்தா முதல்ல ஒரு ரோபோ மன்னிப்பு கேட்டுச்சு. அப்புறம் 48 மணி நேரத்துல பாதுகாப்புக் குழு பேசும்னாங்க, ஆறு நாள் ஆச்சு. போட்டோ அனுப்பினேன், தெளிவா இல்லையாம். நுரை வர்ற வீடியோ அனுப்பினேன், ஃபைல் பெருசாம். நாங்க மூணு மணி நேரம் ஓட்டினதால "சேவை பயன்படுத்தப்பட்டுவிட்டது"ன்னு ஒருத்தி. வண்டிக்கு எம்ஓடி, அதாவது ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்கிற வருஷாந்திரச் சோதனை, இருக்கேன்னு இன்னொருத்தன். எம்ஓடி சோதனையில பிரேக்கையும் டயரையும் பாப்பாங்களே தவிர, வாழுற பகுதியில இருக்கிற கேஸ் அடுப்பையும் ஹீட்டரையும் எவன் பாக்கிறான்? அதுக்கு ஹாபிடேஷன் செக்னு தனியா ஒண்ணு இருக்கு, இங்க அது சட்டப்படி கட்டாயமும் இல்லை. ஜெர்மனியில ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை, 2025 ஜூன்லேருந்து சட்டமாவே ஆக்கிட்டாங்க.

கடைசியில ஓனர் ஒரு ஹாபிடேஷன் சர்டிஃபிகேட் கொடுத்தாராம், எல்லாம் சரியா இருக்குதாம். எனக்கும் ஒரு காப்பி வந்தது. தேதியைப் பாத்தேன். நாங்க வண்டியைத் திருப்பிக் கொடுத்த மூணாவது நாள்! புது ட்யூப் மாட்டிட்டு எடுத்த சர்டிஃபிகேட். அதைச் சுட்டிக்காட்டி மெயில் போட்டா, "எங்கள் முடிவு இறுதியானது." அந்த 350 எதுக்குத் தெரியுமா? ரெகுலேட்டரைக் கழட்டினதால "கேஸ் அமைப்பில் அனுமதியின்றி கை வைத்தது." 1,190 பவுண்டும் போச்சு, குத்தவாளியும் நாங்கதான்.

விவரமா எழுதுறேன்னேன், இப்போ மணி பன்னெண்டு, காலையில வேலைக்குப் போகணும். சுருக்கமா சொல்லிடுறேன்.

லாக்கரைத் திறந்து பாக்காம சாவி வாங்காதீங்க. ட்யூப்ல வருஷத்தைப் படிங்க, தரை ஓட்டையில கை விட்டுப் பாருங்க.

சென்சார் ரெகுலேட்டரை உங்க கண்ணால பாத்தாலொழிய வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் பேட்டரியில ஓடட்டும், கொஞ்சம் குளிர் கம்மியானா ஒண்ணும் ஆகாது.

பங்க்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கேஸ் ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் அணைக்கணும். சில புது ஃப்ரிட்ஜ் என்ஜின் நின்னதும் ஒரு கால்மணி நேரம் கேஸுக்கு மாறாம காத்திருக்கும், பங்க்ல நிப்போம்னுதான். பழசுல அதெல்லாம் கிடையாது, கையாலதான் திருப்பணும்.

சர்டிஃபிகேட்ல தேதியும் வண்டி நம்பரும் பாருங்க. காசை கிரெடிட் கார்டுலயே கட்டுங்க. நான் டெபிட் கார்டு, அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்றேன்.

இப்பதான் ஆப்பைத் திறந்து பாத்தேன். அந்த வண்டி வர்ற வெள்ளிக்கிழமை யாருக்கோ புக் ஆகியிருக்கு, "குடும்பத்துக்கு ஏற்றது"ன்னு போட்டிருக்கான். வெள்ளை வண்டி, பக்கவாட்டுல நீலக்கோடு, வாசல்ல பழுப்பு நாய். எடுத்திருக்கிறது நீங்களா இருந்தா உடனே எனக்கு இன்பாக்ஸ்ல வாங்க, நுரை வீடியோ என்கிட்ட இருக்கு.