கிராம்ப்ஸ்: குடி பார்த்துக் கலியாணம் செய்கிற ஊருக்கு இந்த வம்சாவளி மென்பொருள் சரிவருமா?

குடி என்கிற தாய்வழிக் குலம் பார்த்துக் கலியாணம் செய்கிற மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை எழுதத் தொடங்கினால், பூட்டன் பூட்டி வரைக்கும் போவதற்குள்ளேயே ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து நிற்பார். அதற்குக் காரணம் இரண்டு. மச்சானும் மச்சாளும் கலியாணம் முடித்திருந்தால், அவர்களுடைய பிள்ளைக்கு ஒரே பூட்டன் தகப்பன் வழியாலும் தாய் வழியாலும் வருவார். அது உண்மையான உறவு, அழிக்கக் கூடாது. மற்றது, ஒருவரையே இரண்டு பெயரில் இரண்டு தரம் பதிந்திருப்பது. அது பிழை, ஒன்றாக்க வேண்டும். வம்சாவளி மென்பொருளை எடைபோடும்போது, இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட அது எவ்வளவு உதவுகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கிராம்ப்ஸ் 2001 இல் தொடங்கிய இலவச, திறந்த மூல மென்பொருள். 6.0 பதிப்பு 2025 இல் வந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. உறவைக் கண்டுபிடிக்கிற வேலையில் இது கெட்டிக்காரன். இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கிற வேலையில், நம் பெயர்களோடு இதை அப்படியே விட்டால் அரைவாசிதான் தேறும். ஒரு சின்ன மாற்றம் செய்தால் நிலைமை மாறும்.

இரட்டைப் பதிவு பெரும்பாலும் பதியும் இடத்திலேயே பிறக்கிறது. உறவுகள் திரையில் பெற்றோரைச் சேர்க்க இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று புதிய பெற்றோரை உருவாக்கும். மற்றது, ஏற்கெனவே பதிந்த குடும்பத்தோடு ஆளை இணைக்கும். கூட்டல் குறி கண்ணில் படுவதால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள். ஆறு சகோதரங்களுக்கும் அப்படிச் செய்தால் ஒரே தகப்பன் ஆறு பேராகிவிடுவார். ஆகவே ஒரு குடும்பத்தைத் தொடங்கும்போது முதலில் தாய் தகப்பனைப் பதிந்து, பிள்ளைகளை அந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே சேர்ப்பது நல்லது.

இரட்டையைத் தேடும் கருவி டூல்ஸ் மெனுவில் ‘ஃபைண்ட் பொசிபிள் டூப்ளிகேட் பீப்பிள்’ என்ற பெயரில் இருக்கிறது. பெயர், பிறப்பு, இறப்பு, பெற்றோர், துணை எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சோடி சோடியாகக் காட்டும். குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று மூன்று அளவு. திகதி குறைவாக உள்ள வம்ச மரங்களில் ‘கூடியது’ வைத்தால் பட்டியல் காலியாக வரும். ‘குறைந்தது’ வைத்துக் கண்ணால் பார்த்துக் கழிப்பதுதான் பலன் தரும்.

இங்கேதான் இரண்டு சிக்கல். ஒன்று, சவுண்டெக்ஸ் என்ற தெரிவு. ஒலி ஒத்த ஆங்கிலப் பெயர்களைச் சேர்க்கும் முறை அது. தமிழ் எழுத்தை அது படிக்காது. தமிழில் எழுதிய எல்லாப் பெயருக்கும் ஒரே குறியீடு விழும், கணபதிப்பிள்ளையும் மீராலெப்பையும் அதற்கு ஒன்றுதான். தமிழில் பதிந்தவர்கள் அந்தப் பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

மற்றது இன்னும் ஆழமானது. இந்தக் கருவி ஆட்களைக் குடும்பப் பெயர்படி முதலில் பிரித்துவிட்டுத்தான் ஒப்பிடும். குடும்பப் பெயர் ஒத்துப்போகாத இருவரை அது பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் அந்தப் பெட்டிக்குள் போடுகிறோம். கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயரோடு பதிந்த பெண், பிள்ளையின் விவரத்தோடு வரும்போது கணவன் பெயரோடு வருவார். அந்த இரண்டு பதிவும் ஒருநாளும் சந்திக்காது. முகம்மது, முஹம்மது, முகமது என்று ஒரே தகப்பன் மூன்று எழுத்தில் வந்தாலும் இதே கதைதான்.

இதற்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது. குடி தாய் வழியாக வருவது. கலியாணம் முடித்தாலும் மாறாது, இனிஷல் மாறினாலும் மாறாது. தமிழரிடமும் சோனகரிடமும் இந்த வழக்கம் உண்டு. ஆகவே குடும்பப் பெயர்ப் பெட்டியில் குடியைப் போடுங்கள்: பணிக்கனார்குடி, உலகிப்போடிகுடி, காலிங்காகுடி என்று. பிறப்புச் சான்றிதழில் உள்ள முழுப் பெயரை ‘மாற்றுப் பெயர்’ பகுதியில் சேருங்கள். அதன்பின் இரட்டை தேடும் கருவி ஒரே குடிக்குள்ளேயே ஆட்களை ஒப்பிடும், கணவன் பெயரால் பிரிந்து கிடந்த பெண்கள் ஒரே பட்டியலுக்கு வருவார்கள். குடி தெரியாதவர்களுக்குப் பெட்டியை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

ஆனால் ஒரு அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும்போது கிராம்ப்ஸ் தகப்பனின் குடும்பப் பெயரைத் தானாக நிரப்பும். விருப்பங்களில் இதற்கு நாலு முறை உண்டு: தகப்பன் பெயர், தாய் தகப்பன் இருவர் பெயரும், ஐஸ்லாந்து முறை, எதுவும் வேண்டாம். தாய் பெயர் மட்டும் என்ற தெரிவு இல்லை. ஐஸ்லாந்துக்காரனை நினைத்தவர்கள் மட்டக்களப்பானை நினைக்கவில்லை. ‘எதுவும் வேண்டாம்’ என்று வைத்துவிட்டுக் கையால் தாயின் குடியைப் போடுங்கள். மறந்தால் பிள்ளைகள் எல்லாம் தகப்பன் குடிக்குப் போய்விடுவார்கள், பிறகு கருவி தருகிற முடிவு எதற்கும் உதவாது.

எழுத்திலும் ஒரு பொறி உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை அப்படியே ஒட்டினால் உள்ளே ஆங்கில எழுத்துக்கள்தான் போகும், யூனிகோட்டுக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். யூனிகோட்டிலும் ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரே விசைப்பலகையை எல்லோரும் பாவிப்பது இதைத் தவிர்க்கும்.

ஊர்ப் பதிவு கிராம்ப்ஸின் பலமான பகுதி. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. காரைதீவில் 1950 இல் பிறந்தவர் ஒரு பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம், இன்னொன்றில் அம்பாறை மாவட்டம் என்று இருப்பார். காரைதீவு என்ற ஒரே இடத்தை 1961 வரை ஒரு மாவட்டத்துக்குள்ளும், அதன்பின் மற்றதற்குள்ளும் திகதியோடு வைக்க முடியும். இடத்தை இரண்டாக உருவாக்கினால் ஆளும் இரண்டாகத் தெரிவார். திகதிப் பெட்டியும் ‘முன்’, ‘பின்’, ‘ஏறக்குறைய’, ‘இடையில்’ என்பவற்றை ஏற்கும். ‘57 வெள்ளத்துக்குப் பிந்திப் பிறந்த பிள்ளை’, ‘78 சூறாவளிக்கு முந்திச் செத்தவர்’ என்று கிழவிகள் சொல்வதை அப்படியே பதியலாம். வெறுமையாக விடுவதைவிட இது எவ்வளவோ மேல், ஒப்பிடும் கருவிக்குப் பிடிமானம் அதுதான்.

ஒன்றாக்கும் முன், தாய் யார் என்று பாருங்கள். பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் ஒத்து, தாய் குடி வேறாக இருந்தால் அது இரண்டு ஆள். சின்னத்தம்பி மகன் கணபதிப்பிள்ளைகள் ஒரே ஊரில் எத்தனையோ பேர். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பேரனின், அதாவது தகப்பனின் தகப்பனின், பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கும் நிரல் உண்டு. நிரப்பியிருந்தால் ஆண் வழியைச் சரிபார்க்க அது போதும். பெண் வழிக்குச் சீதன உறுதிகள், அதாவது சீதனக் காணிப் பத்திரங்கள்தான் சாட்சி. வீடுவளவு தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ஊரில் உறுதி ஒவ்வொன்றும் ஒரு தாயையும் மகளையும் சேர்த்துக் கட்டும். சுனாமியில் பத்திரம் போன கரையோரக் குடும்பங்கள் காணிப் பதிவகத்துப் பிரதியைத் தேடலாம்.

செய்முறை இது. முதலில் காப்புப் பிரதி. பிறகு ஆட்கள் பட்டியலில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி இருவரைத் தெரிந்து, எடிட் மெனுவில் ‘மேர்ஜ்’. எவர் பதிவு முதன்மை என்று கேட்கும், மற்றவரின் பெயர் மாற்றுப் பெயராகப் போய்ச் சேரும். மூத்த தலைமுறையிலிருந்து கீழே வாருங்கள். பூட்டனின் இரண்டு பதிவும் பூட்டியின் இரண்டு பதிவும் தனித்தனியே ஒன்றானபின் அவர்களுடைய இரண்டு குடும்பப் பதிவும் ஒன்றாகும், பிள்ளைகள் ஒரு கூரைக்குக் கீழ் வருவார்கள். கீழிருந்து தொடங்கினால் ஒரு பிள்ளைக்கு இரண்டு சோடிப் பெற்றோர் தொங்குவார்கள். ஒன்றாக்கியபின் பிறப்பு நிகழ்வு இரண்டாக நிற்கிறதா என்று பார்த்து ஒன்றை எடுத்துவிட வேண்டும். செய்ததைத் திருப்பலாம், ஆனால் மரத்தை மூடும் வரைக்கும்தான்.

கணவன் மனைவியையோ பெற்றோர் பிள்ளையையோ ஒன்றாக்கக் கிராம்ப்ஸ் விடாது. அப்பப்பாவையும் அவர் பெயரையே வைத்த பேரப்பிள்ளையையும் ஒன்றாக்கினால் தடுக்காது. தனக்குத் தானே அப்பப்பாவான ஆள் அப்போது உருவாவார். இதைப் பிடிக்க ‘ஃபைண்ட் டேட்டாபேஸ் லூப்’ என்ற கருவி உண்டு. ஒன்றாக்கும் வேலை முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள்.

இனி உண்மையான இரட்டை வழி. ‘டீடெய்ல்ட் அன்செஸ்ட்ரல்’ அறிக்கையில், பிள்ளைக்கு இலக்கம் 1, தகப்பன் 2, தாய் 3. எந்த ஆளுக்கும் அவர் இலக்கத்தின் இரட்டிப்பு தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். திரும்ப வரும் முன்னோரை ‘இன்ன இலக்கத்து ஆளேதான்’ என்று அறிக்கை எழுதிவிடும். அந்த இலக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் கலியாணம் எப்படி நடந்தது என்று தெரியும். 10 உம் 12 உம் ஒரே ஆள், 11 உம் 13 உம் ஒரே ஆள் என்றால், மாப்பிள்ளை மாமன் மகளை முடித்திருக்கிறார். 8 உம் 14 உம், 9 உம் 15 உம் என்றால் மாமி மகள், அதாவது தகப்பனின் சகோதரி மகள். இரண்டும் வழமை. 10 உம் 14 உம் ஒன்றென்று வந்தால் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் முடித்திருக்க வேண்டும். ஒரே குடி, சகோதரம் முறை. அப்படி ஒன்று வந்தால் கலியாணத்தைச் சந்தேகிக்கு முன் பதிவைச் சந்தேகியுங்கள், பெரும்பாலும் இரண்டு பெண்களைத் தவறாக ஒன்றாக்கியிருப்பார்கள்.

‘நம்பர் ஒஃப் அன்செஸ்டர்ஸ்’ அறிக்கை தலைமுறை வாரியாக எண்ணித் தரும். மச்சான் மச்சாள் பிள்ளைக்கு எட்டுப் பூட்டன் பூட்டிக்குப் பதில் ஆறு பேர், 75 சதவீதம். மாற்றுக் கலியாணம் (பெண் கொடுத்துப் பெண் எடுப்பது) செய்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் தமக்குள் முடித்தால் நாலு பேர், 50 சதவீதம். ஆனால் மேல் தலைமுறை பதியப்படாமல் இருந்தாலும் சதவீதம் விழும். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் முந்திய அறிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். படமாக வேண்டுமானால் உறவு வரைபடம் நல்லது. திரும்ப வருபவரை ஒரே பெட்டியாக வைத்து இரண்டு பக்கமும் கோடு இழுக்கும். சாதாரண வம்ச அட்டவணையோ அதே ஆளை இரண்டு இடத்தில் எழுதிக் குழப்பும்.

குறை என்றால், கைத்தொலைபேசிக்கு இதற்குச் செயலி இல்லை. கனடாவிலும் கட்டாரிலும் இருக்கிற உறவுகள் சேர்ந்து எழுத வேண்டுமானால் கிராம்ப்ஸ் வெப் என்ற துணை மென்பொருளை ஒரு சேர்வரில் நிறுவ வேண்டும், அதற்குக் கொஞ்சம் கணினி அறிவு வேண்டும். அதுவரை ஒருவர் கையில் மரம் இருப்பது, மற்றவர்கள் திருத்தங்களை அவருக்கு அனுப்புவது என்ற ஏற்பாடுதான் சிக்கலில்லாதது. இருவர் தனித்தனியாக எழுதி ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறும் பொது வடிவம்) கோப்பாக மாற்றி ஒன்றுக்குள் ஒன்றைக் கொட்டினால், இருவரும் எழுதிய ஆள் எல்லாம் இரட்டையாகும். ஃபமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் மரம் இலவசம், இணையத்தில் இருப்பது, ஆனால் உலகத்துக்கே பொது. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பூட்டனை இன்னொருவரோடு ஒன்றாக்கலாம், குடி பற்றி அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. உயிரோடு இருப்பவர்களைக் கிராம்ப்ஸில் ‘தனிப்பட்டது’ என்று குறித்துவிட்டு, வெளியே அனுப்பும் கோப்பில் அவர்களை விலக்கும் பெட்டியில் சரி போட்டு அனுப்புங்கள்.