வகுப்பறைக்கான கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: வாங்கலாமா?

வளாகத்தைத் திறக்கும் முன் கிருமிநாசினிப் புகைக்குச் செலவிடுவதைவிட இதை வாங்குவது மேல். கோவிட் முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது. மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு அறையில் ஏறினால், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் உள்ளதை மட்டுமே எடுங்கள். மலிவான மாதிரிகள் பல சானிடைசர் ஆவிக்கே எகிறிவிடும். முதலில் திறந்தவெளியில் 20 நிமிடம் வையுங்கள், 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அருகே காட்ட வேண்டும். பிறகு ஜன்னலையும் ஆட்களின் மூச்சையும் விட்டுத் தள்ளி, உட்கார்ந்தவரின் மூக்கு உயரத்தில். வகுப்பு நிறைந்தபின் 800-ஐத் தாண்டினால் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், அல்லது ஆட்களைக் குறைக்க வேண்டும்.

பெரிய குறை, தானியங்கி அளவுத்திருத்தம். சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். எப்போதும் ஆள் இருக்கும் விடுதி அறையில் இதனால் அளவு பொய்யாகக் குறையும். அங்கே இந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். ஹெப்பா காற்று வடிகட்டி ஓடினாலும் மீட்டரில் எண் இறங்காது, அது கிருமியுள்ள நுண்துகள்களைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிப்பதில்லை.