காற்றடைக்கும் லைஃப் ஜக்கெற்: தானாக ஊதுவதா, இழுத்து ஊதுவதா?

வடநோர்வேயில் சின்னப் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர் என்றால் தானாக ஊதும் ஓட்டோமெற்றிக் வாங்குங்கள், அதிலும் ஹம்மர் கம்பனியின் தலை, அதாவது ஊதவைக்கும் பொறி, பூட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கடைக்குப் போகலாம். எங்கள் வீட்டில் இழுத்து ஊதும் மனுவல், ஓட்டோமெற்றிக்கில் மாத்திரை வகை, ஹம்மர் வகை என்று மூன்று விதமும் இருக்கிறது, மூன்றையும் போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறோம், ஒன்று எங்களைக் கேட்காமலே வெடித்தும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

வெளியில் பார்க்க எல்லாம் ஒன்றுதான். கழுத்தைச் சுற்றி மடித்த பட்டை, முன்னால் ஒரு பூட்டு, கீழே தொங்கும் ஒரு இழுகயிறு. உள்ளே ஒரு பை, அதோடு ஒரு சின்னச் சிலிண்டர், பெரியவர்களுக்கான 150 நியூட்டன் (ஆளை மிதக்கத் தூக்கும் பலத்தின் அளவு) வெஸ்ட், அதாவது ஜக்கெற், என்றால் வழக்கமாக 33 கிராம் காபனீரொட்சைட்டு. மனுவலில் கயிற்றை இழுத்தால் ஊசி சிலிண்டரின் வாயைக் குத்தும், சில விநாடியில் பை நிரம்பிவிடும். ஓட்டோமெற்றிக்கிலும் அதே கயிறு இருக்கிறது, மேலதிகமாகத் தண்ணீரை உணர்ந்து தானே குத்தும் ஒரு பொறி, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பல பேர் கவனிப்பதில்லை, ஓட்டோமெற்றிக் வாங்கினால் கையால் இழுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் கைவிட்டால் வாயால் ஊத ஒரு குழாயும் உண்டு.

சரி, அந்தப் பொறி இரண்டு விதம். விலை குறைந்தவற்றில் தண்ணீர் பட்டால் கரையும் மாத்திரை ஒன்று இருக்கும், சிலதில் கடதாசி மாதிரியான துண்டு. அது நனைந்து விட்டுக்கொடுத்ததும் அடக்கி வைத்த ஸ்பிரிங் பாய்ந்து ஊசியைத் தள்ளும். ஹம்மர் வேறு வேலை செய்கிறது. சுவீடனில் கோத்தன்பர்க்கில் செய்கிறார்கள், அதற்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, தண்ணீரின் அழுத்தம் வேண்டும், கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் ஆழம் அமிழ்ந்தால்தான் இயங்கும். மழையில் நாள் முழுக்க நின்றாலும், அலை வந்து நெஞ்சில் அடித்தாலும் பேசாமல் இருக்கும். உள்ளே விழுந்தால் உடனே விரியும். ஹம்மர் தலையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், மாத்திரை வகையில் பெரும்பாலும் மூன்று வருடம், இரண்டிலும் திகதி அடித்திருக்கும். மாற்றுச் சாமான் விலை ஹம்மருக்குக் கூட, அதை மறைக்கத் தேவையில்லை.

கடையில் ஹெல்லி ஹான்சனா பால்டிக்கா என்று நின்று யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தையலும் பட்டியும் நிறமும் அவர்களுடையது, ஆனால் உள்ளே பூட்டியிருக்கும் தலை பெரும்பாலும் இரண்டு மூன்று கம்பனிகளுடையதுதான். ஒரே பெயரில் மாத்திரை வெஸ்டும் இருக்கும், ஹம்மர் வெஸ்டும் இருக்கும். ஆகவே பெயரைக் கேட்க முன்னம், மூடியைத் திறந்து தலை எது என்று பாருங்கள். திறந்து காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்கவேண்டாம்.

ஏன் மனுவல் இங்கே சரிவராது என்கிறேன்? குளிர்தான். துரொம்சோப் பக்கம் கடல் உறைவதில்லை என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வோம், ஆனால் பனிக்காலக் கடைசியில் தண்ணீர் 4, 5 பாகை, நல்ல கோடையில்கூட 10 பாகைக்கு அக்கம்பக்கம்தான். அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு கேட்காமலே வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சு இழுக்கும், பிறகு நாய்க்கு இளைப்பதைவிடக் கெதியாக மூச்சு ஓடும். கனடாவில் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்து கோர்டன் கீஸ்பிரெக்ட் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர், தானே குளிர்த் தண்ணீருக்குள் இறங்கிக் காட்டியவர். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1: மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்க பத்து நிமிடம், அறிவு மயங்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அதாவது குளிரில் விறைத்துச் சாவதற்கு நிறைய நேரம் இருக்கிறது, அதற்கு முன்னமே தண்ணீரைக் குடித்துத்தான் ஆட்கள் போகிறார்கள். அந்த முதல் நிமிடத்தில், தடித்த கையுறையோடு, கழுத்தளவு தண்ணீரில், வயிற்றுப் பக்கம் எங்கேயோ தொங்கும் ஒரு கயிற்றைத் தேடிப் பிடித்து இழுக்கவேண்டும் என்பதுதான் மனுவலின் நிபந்தனை. நிதானமான ஆள் இழுத்துவிடுவார், இல்லை என்று சொல்லவில்லை. போட்டின் விளிம்பில் தலை அடிபட்டு விழுகிறவர் எப்படி இழுப்பார்? 150 நியூட்டன் வெஸ்ட் மயங்கிக் கிடக்கிறவரையும் முகம் மேலே வரத் திருப்பும்படி செய்யப்பட்டது. அது விரிந்தால்தானே திருப்பும்.

எங்கள் தமிழ் ஆட்களில் ஒரு பகுதியினர் எண்பதுகளிலிருந்து நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பக்டறிகளில் நின்று பழகியவர்கள், குளிருக்கும் மீனுக்கும் பயமில்லை, ஆனால் நீந்தத் தெரியாதவர்கள் கனக்கப் பேர். அவர்களுக்கு மனுவல் என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது வெடித்த கதை. மாத்திரை வகை ஒன்று, கழிவு விலையில் வந்தது, பெயர் வேண்டாம். மச்சான் போட்டிருந்தார். பங்குனி மாதம், ஸ்க்ரை எனப்படும் பெரிய கொட் மீன் கரைக்கு வரும் காலம், தூறல் விடாமல் அடிக்கிறது. நல்லதொரு மீனை மேலே கொண்டுவந்து, நான் கொக்கித்தடியோடு குனிய, அந்த நேரம் பார்த்துப் 'புஸ்' என்று ஒரு சத்தம். மச்சான் கழுத்தில் தவில் கட்டினவர் மாதிரி நிற்கிறார், தன் கையே தனக்குத் தெரியவில்லை, தலையைத் திருப்பவும் முடியவில்லை. மீன் போனது போனதுதான். வெஸ்ட் அதற்கு முந்தின கிழமை முழுக்க ஈரச் சாமானோடு இருக்கைப் பெட்டிக்குள் கிடந்தது, மாத்திரை அங்கேயே பாதி ஊறியிருக்கும், தூறல் மிச்சத்தை முடித்தது. கடையில் கேட்டால், ஈரம் பட்டால் அப்படித்தான், வாரண்டியில் வராது என்றார்கள். கடலில் போடும் சாமானுக்கு இது ஒரு பதிலா? அதற்குப் பிறகு மச்சான் அதைப் போடவே மாட்டேன் என்கிறார், மாத்திரை வகையின் உண்மையான கெடுதல் அதுதான் என்று நினைக்கிறேன். மாற்றுச் சிலிண்டர் வாங்கிப் பூட்டிவிடலாம், ஆளுக்குப் போன நம்பிக்கையை வாங்க முடியாது. சட்டமும் விடாது: 2015 மே 1 இலிருந்து 8 மீற்றருக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே நிற்கிற எல்லாரும் மிதவை உடை போட்டே இருக்கவேண்டும். பெட்டிக்குள் வைத்திருந்தால் போதாது.

மனுவலுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இடுப்பு வரை காலணி போட்டு ஆற்றிலோ கரையோரத்திலோ இறங்கி நின்று தூண்டில் எறிகிறவர்கள் குனிவார்கள், வழுக்குவார்கள், நெஞ்சுவரை நனைவார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வெஸ்ட் விரிந்தால் பிழைப்பு நடக்காது. கயாக்கில் போகிறவர்களுக்கும் அப்படியே, ஆனால் இங்கத்தைய குளிரில் கயாக்குக்கு நான் நுரை வெஸ்டைத்தான் சொல்வேன். அடுத்தது, மூடிய கபினுக்குள் இருந்து ஓட்டுகிறவர்கள். போட் கவிழ்ந்தால் உள்ளே தானாக விரிந்த வெஸ்ட் உங்களை மேலே, அதாவது கவிழ்ந்த போட்டின் தரையோடு, தள்ளிப் பிடித்துக்கொள்ளும், கீழே சுழியோடி வாசலால் வெளியே வருவது கஷ்டம். ஊரிலும் மனுவல்தான் பொருந்தும், யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் களங்கட்டி வலைக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவருக்கு ஓட்டோமெற்றிக்கைக் கொடுத்தால் சிரிப்பார். அங்கே கடல் வெதுவெதுப்பு, அந்த முதல் நிமிடப் பிரச்சினை இல்லை. (சீநோர் என்ற இலங்கை-நோர்வே மீன்பிடித் திட்டத்தின் காலத்தில் நோர்வேயிலிருந்து போட் கட்டும் நுட்பம் காரைநகருக்குப் போனது, வெஸ்ட் போடும் பழக்கம் கூடப் போனதாகத் தெரியவில்லை.)

பராமரிப்பு இரண்டுக்கும் வேண்டும், இதில் மனுவல் கொஞ்சம் இலகு. சிலிண்டரைக் கையால் கழற்றி அதன் வாயைப் பாருங்கள், சின்ன ஓட்டை இருந்தால் ஏற்கெனவே பாவித்தது. சிலிண்டரின் உடலில் குறைந்தபட்ச நிறை பொறித்திருக்கும், குசினித் தராசில் வைத்தால் அந்த எண்ணுக்குக் குறையக்கூடாது. திரும்பப் பூட்டும்போது கையால் இறுக்கினால் போதும், ஆனால் நன்றாக இறுக்கவேண்டும், போட்டின் அதிர்வில் கழன்றுபோகும், கழன்ற சிலிண்டரை ஊசி எட்டாது. மாத்திரை வகையிலும் இதே வேலைதான். ஹம்மரில் சிலிண்டர் பைக்குள்ளே இருக்கிறது, உப்பு பட்டுத் துரு ஏறாது என்பது நல்லது, தராசில் வைக்க முடியாது என்பது குறை, பைக்கு வெளியால் தடவி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். தலையில் உள்ள சின்ன யன்னலில் பச்சை தெரியவேண்டும், சிவப்பென்றால் வெஸ்ட் விரியாது, அது வெறும் துணி. வருடத்துக்கு ஒருமுறை குழாயால் வாய்க்காற்று ஊதி இரவு முழுக்க விட்டுவையுங்கள், காலையில் தளர்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. ஊதி நிரப்பியபடியே கயிற்றை இழுக்கவேண்டாம், பை கிழியும்.

பில்க் எனப்படும் பாரமான உலோகத் தூண்டில் எறிகிறவர்களுக்கு ஒன்று: அந்த மூன்று முள்ளுக் கொக்கியை வெஸ்டில் மாட்டி வைக்கும் பழக்கத்தை விடுங்கள், உள்ளே பை மெல்லியது. மழைச் சட்டைக்கு மேலேதான் வெஸ்ட் போடவேண்டும், உள்ளே போட்டால் விரியும்போது நெஞ்சை இறுக்கும். குளிருக்குத் தடித்த உடுப்பு அடுக்கடுக்காகப் போடுகிறவர் என்றால் 275 நியூட்டனைப் பாருங்கள், கொஞ்சம் பாரம், ஆனால் உடுப்புக்குள் அடைபட்ட காற்றையும் மீறி ஆளைத் திருப்ப அந்தப் பலம் வேண்டும். கால்களுக்கு இடையால் போகும் பட்டியை வெட்கப்படாமல் கட்டுங்கள், கட்டாவிட்டால் வெஸ்ட் காது வரை ஏறி முகம் தண்ணீருக்குள் இருக்கும். விரிந்த வெஸ்டோடு போட்டுக்குள் ஏறுவது நினைப்பதைவிடக் கஷ்டம், தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கக்கூடிய ஏணி இல்லாவிட்டால் வெஸ்டுக்கு முதல் அதை வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த இரண்டுமே வேண்டாம், கழுத்துப் பட்டையும் பிடித்துத் தூக்கும் கைப்பிடியும் உள்ள நுரை வெஸ்ட் போதும். ஒஸ்லோவிலிருந்து வடக்கே பறந்து வந்து மீன்பிடிக்கிறவர்கள் வெஸ்டைக் கொண்டுவரலாம், பூட்டிய சிலிண்டரும் மாற்றுச் சிலிண்டரும் அளவோடு அனுமதிக்கிறார்கள், ஆனால் விமானக் கம்பனியின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். டிக்கெற் எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள், சோதனைக் கவுண்டரில் நின்று விளக்கினால் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள், ஹம்மரில் அதைக் கழற்ற அந்த இடத்தில் உங்களுக்குப் பொறுமை இருக்காது.