கிரேடிங்குக்கு அனுப்பித் தருகிறேன் என்பவரிடம் பழைய நோட்டைக் கொடுக்குமுன்

தாத்தாவின் பழைய கணக்குப் புத்தகத்துக்குள் ஏழு பழைய பண நோட்டுகள் இருந்தன. ஆறு சுமார்தான். ஏழாவது நோட்டில் நடுவே ஒரே ஒரு செங்குத்து மடிப்பு. மற்றபடி தாள் மொடமொடவென்று, நான்கு மூலையும் கூராக இருந்தது. அது இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் தாள் செத்துவிட்டது.

வாங்கி விற்கும் ஒருவர் அறிமுகமானார். "என் நோட்டுகளோடு உங்களுடையதையும் கிரேடிங்குக்கு அனுப்புகிறேன் தம்பி, ஹோல்டரில் வந்ததும் ஏலத்தில் போட்டுத் தருகிறேன், விற்றதில் எனக்கு ஒரு பங்கு" என்றார். கிரேடிங் என்றால், நோட்டு அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நிறுவனம் பார்த்து, எண் போட்டு, ஹோல்டர் என்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது. இப்படி இன்னொருவர் வழியாக அனுப்புவது வழக்கம்தான். பிஎம்ஜி போன்ற பெரிய கிரேடிங் நிறுவனங்களுக்கே பலர் அங்கீகாரம் பெற்ற வணிகர்கள் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். அதனால் சந்தேகமே வரவில்லை. ஏழையும் கொடுத்தேன். ரசீது மட்டும் வாங்கினேன்.

கொடுப்பதற்கு முந்தைய இரவு, ஏனோ தோன்றி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்தேன். முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து ஒன்று. இந்த மூன்றாவது படம் இல்லையென்றால் எனக்கு நடந்தது என்னவென்றே தெரிந்திருக்காது.

மாதங்கள் கழித்து நோட்டுகள் வந்தன. ஏழாவது நோட்டின் லேபிளில் 45 என்று போட்டிருந்தது. கூடவே, கழுவப்பட்டது என்ற குறிப்பும்.

கிரேடிங் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1 முதல் 70 வரை ஓடும் இந்த அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட் நாணயங்களுக்காக உருவாக்கினார். பிற்பாடு அது காகித நோட்டுகளுக்கும் வந்தது. 60-ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாதது. நடுவில் மடிப்பு விழுந்த நோட்டு அந்தப் பக்கம் போகாது, ஐம்பதுகளில் நிற்கும். என் நோட்டு ஐம்பதுகளின் மேல்பாதியில் வரும் என்றே நம்பியிருந்தேன். எண்ணோடு இன்னொன்றும் உண்டு: தாள் தன் இயல்பில், யாரும் கைவைக்காமல் இருக்கிறதா என்பது. பிஎம்ஜி இதற்கு இபிக்யூ (Exceptional Paper Quality, அதாவது சிறப்பான தாள் தரம்) என்று குறியிடுகிறது. அந்தக் குறி கிடைக்காத நோட்டுக்கு அவர்கள் 65-ஐயோ அதற்கு மேலான எண்ணையோ கொடுப்பதில்லை. விவரம் தெரிந்தவர்கள் எண்ணுக்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, என் நோட்டுக்கு என்ன ஆனது? பழைய படத்தையும் இப்போதைய நோட்டையும் ஒரே மாதிரி வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சீரியல் எண் அதேதான். இன்டாக்லியோ முறையில் அச்சிட்ட நோட்டில் மை மேடு கட்டி நிற்கும், சாய்ந்த வெளிச்சம் பட்டால் கோடுகள் மெல்லிய நிழல் விழுத்தும். பழைய படத்தில் அந்த நிழல் அவ்வளவு தெளிவு. இப்போது எல்லாம் தட்டை. சீரியல் எண்ணை அடித்த அழுத்தம் பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது, அதுவும் காணோம். நிறமும் வெளிறியிருந்தது. மடிப்பு மட்டும், நேராகப் பார்த்தால் மறைந்த மாதிரி இருந்தாலும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அப்படியே தெரிந்தது. மடிப்பில் நார் ஒடிந்துவிடுகிறது. நனைத்து அழுத்தினால் அது ஒட்டாது.

கேட்டேன். "லேசாக நனைத்துக் கனத்துக்கு அடியில் வைத்தேன் தம்பி, மடிப்பு போனால் கிரேடு ஏறுமே, உங்கள் நல்லதுக்குத்தான்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தாளவேயில்லை. தாத்தா வைத்த இடத்தில் இத்தனை வருஷம் பத்திரமாக இருந்த பொருள் அது.

மற்ற ஆறில் மூன்று வேறு ஏதோ பெயர் தெரியாத ஹோல்டரில் வந்தன, மூன்றிலும் 66. புழங்கித் தேய்ந்த நோட்டுக்கு 66 எப்படி வரும்? வாங்க வந்தவர்கள் லேபிளைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் ஹோல்டரில் இருக்கும் சான்றிதழ் எண்ணை அவர்களுடைய தளத்திலேயே போட்டுச் சரிபார்க்கலாம், பல சமயம் படமும் இருக்கும். அப்படிப் பார்க்க வழியில்லாத லேபிள் வெறும் பிளாஸ்டிக்தான்.

கொடுப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள்: எந்த நிறுவனத்துக்குப் போகிறது, கட்டணம் யார் தலையில், வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு, கழுவுதல், அழுத்துதல், ஓரம் வெட்டுதல், ஒட்டுதல் எதுவும் செய்யக் கூடாது என்பது. சீரியல் எண்கள் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். நீங்களும் அழிரப்பரோ ஈரத்துணியோ எடுக்காதீர்கள், அழுக்கோடு இருப்பதே மேல். வீட்டில் வைக்க பாலியெஸ்டர் உறை நல்லது. மெதுமெதுப்பான பிவிசி உறையில் இருந்து கசியும் ரசாயனம் நாளாக ஆகத் தாளைக் கெடுக்கும்.

இரண்டு படங்களையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன். கிரேடிங் கட்டணத்தைத் திருப்பித் தந்தார். நோட்டுக்கு ஈடு கேட்டபோது, "கைவைக்க மாட்டேன் என்று நான் எங்காவது எழுதிக் கொடுத்தேனா?" என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஏழு நோட்டுகள் என்று மட்டும்தான் எழுதியிருந்தது.