ரத்தான சான்றிதழுக்கும் கதவைத் திறந்த சர்வர்

"ஆறு வருடமாக அந்த எஃப்டிபி சர்வரைத்தானே ஓட்டுகிறாய், நானும் அதையே போடட்டுமா?" என்று நண்பர் கேட்டார். இணையம் வழியாக ஃபைல் அனுப்பவும் வாங்கவும் உதவும் மென்பொருள் அது. சட்டென்று பதில் வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கி, உள்ளே நுழைய 21ஆம் போர்ட்டையும் ஃபைல் போய்வர பேசிவ் போர்ட்டுகளையும் திறந்துவிட்டால் அப்புறம் மறந்தேவிடலாம். பாதியில் அறுந்த பெரிய ஃபைலை விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் ஒருமுறைகூடச் சொதப்பியதில்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. எங்களுக்கு ஃபைல் அனுப்புகிறவர்கள் பாஸ்வேர்டோடு, தாங்கள் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் கிளையன்ட் சான்றிதழும் காட்ட வேண்டும். ஒருவருடைய லேப்டாப் தொலைந்தது, சான்றிதழின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயும் அதோடு போயிற்று. சான்றிதழை ரத்து செய்தேன். கூடவே சோதனைக்கென்று வைத்திருந்த என் சான்றிதழ் ஒன்றையும் ரத்து செய்து, ரத்தான சான்றிதழ்களின் பட்டியலான சிஆர்எல்லைப் புதிதாக எடுத்து, சர்வரில் வைத்து ரீஸ்டார்ட் செய்தேன். பிறகு அந்தச் சோதனைச் சான்றிதழோடு நுழைந்து பார்த்தால், 230. லாகின் வெற்றி! லாக்கில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

தப்பு என்னுடையதுதான் என்று ஒரு ராத்திரி முழுக்க நம்பினேன். சான்றிதழ்களைச் சோதிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் தனியாகச் சரிபார்த்தால் பிழை 23, சான்றிதழ் ரத்தானது என்று தெளிவாகச் சொல்கிறது. சர்வருக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த அப்டேட்டின் குறிப்பில் காரணம் இருந்தது. ரத்துப் பட்டியலைச் சான்றிதழ் வழங்கியவர் பெயரில் தேட வேண்டும். நிரலில் இரண்டு இடத்திலும் சான்றிதழ் உரியவர் பெயரிலேயே தேடியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் பட்டியல் ஏது? பட்டியல் இல்லையா, சரி, உள்ளே வா!

ஒரு சொல் தவறுவது யாருக்கும் நடக்கும். ஆப்பிளின் டிஎல்எஸ் நிரலில் 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி இரண்டு தடவை விழுந்து, கையொப்பச் சரிபார்ப்பே நடக்காமல் போனது 2014இல் வெளியே தெரிந்தது. அதை மன்னிக்கலாம். சிஆர்எல்லை நான் கான்ஃபிக்கில் குறிப்பிட்டிருந்தும், பொருந்தும் பட்டியல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதாமல் கதவைத் திறந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ நீ மாற்றப் போகிறாயா?"

இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு ஒழுங்காகத்தான் துரத்துகிறது. அந்த ரத்தான சோதனைச் சான்றிதழை மட்டும் அழிக்கவில்லை. ஒவ்வொரு அப்டேட் முடிந்ததும் முதலில் அதை வைத்துத்தான் உள்ளே நுழையப் பார்க்கிறேன்.